'நான்' என்று சொன்ன இயந்திர மனிதன்

மனிதனைப் போல இயங்கும் பொறியொன்றைப் படைத்துவிட்டால், அது ஒருநாள் தன்னைப் படைத்தவனையே எதிர்த்து எழுமோ என்னும் அச்சம் எழுத்தாளர் உள்ளத்தில் நெடுங்காலமாகக் குடிகொண்டிருக்கிறது. செக் நாட்டு நாடகாசிரியர் கரல் சாப்பெக் 1920 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகமொன்றின் வாயிலாக 'ரோபோ' என்னும் சொல் உலகத்துக்கு அறிமுகமாயிற்று. கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் சொல்லொன்றிலிருந்து அது பிறந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1960 இல், மன்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் வேறொரு சொல்லை ஆக்கினர். விண்வெளியில் மனிதன் வாழவேண்டுமாயின், அவனுடைய உடம்போடு கருவிகளை இணைத்து, அந்தச் சூழலுக்கு அவனைத் தகுதியாக்கலாம் என்பது அவர்களுடைய எண்ணம். அவ்வாறு உயிரும் கருவியும் ஒன்றிய உடம்புக்கு அவர்கள் இட்ட பெயரே 'சைபோர்க்' என்பது.

இந்த இரண்டாவது சொல்லோடு புதியதோர் அச்சமும் கூடவே வந்தது. பொறி மனிதனாகிவிடுமோ என்று முன்னையோர் அஞ்சினர். மனிதன் பொறியாகிவிடுவானோ என்று பின்னையோர் அஞ்சத் தொடங்கினர். அவ்வச்சத்தையே கருவாகக் கொண்டு எத்தனையோ கதைகள் எழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வெடியும் புகையும் ஓட்டமும் துரத்தலுமாக முடிந்துவிடுகின்றன. 1992 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஒளிபரப்பான தொலைக்காட்சிக் கதையொன்று அவ்வழியிற் செல்லாது, சிறையறைக்குள் நிகழும் சில உரையாடல்களைக் கொண்டே ஒரு பெரிய வினாவை எழுப்பியது. அதன் பெயர் 'ஐ, போர்க்'. 'நான், போர்க்' என்பது அதன் பொருள். ஐசாக் அசிமோவ் 1950 இல் வெளியிட்ட 'ஐ, ரோபோ' என்னும் கதைத் தொகுதியின் பெயரை நினைவூட்டும் தலைப்பு இது.

'ஸ்டார் ட்ரெக்' என்னும் விண்வெளிக் கதைத்தொடர் 1966 இல் ஜீன் றொடன்பெரி என்பவரால் தொடங்கப்பெற்றது. அதன் வழித்தோன்றலாக, 'அடுத்த தலைமுறை' என்னும் பெயரோடு, 1987 முதல் 1994 வரை ஏழு பருவங்கள் ஓடிய தொடரொன்று உண்டு. இருபத்து நான்காம் நூற்றாண்டில் 'என்டர்பிறைஸ்' என்னும் விண்கப்பல் செல்லும் பயணங்களை அது சித்திரித்தது. 'ஐ, போர்க்' அத்தொடரின் ஐந்தாம் பருவத்தைச் சேர்ந்தது. அதை எழுதியவர் ரெனே எச்சவரியா. நெறிப்படுத்தியவர் றொபட் லீடர்மன்.

கதைக்குள் செல்லுமுன் போர்க் இனத்தார் யாவர் என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். 1989 இல் இத்தொடரில் முதன்முதலாகத் தோன்றியவர்கள் இவர்கள். உடம்பிற் பாதி தசை, பாதி கருவி. ஒரு கண் இருக்கவேண்டிய இடத்திற் பார்வைக் கருவி. கையிருக்கவேண்டிய இடத்தில் இயந்திர உறுப்பு. எனினும் அவர்களிடம் அஞ்சத்தக்கது இவ்வுருவம் அன்று. அவர்கள் அனைவருக்கும் மனம் ஒன்றே. ஒருவன் எண்ணுவதை எல்லாரும் எண்ணுவர். ஒருவன் கண்டதை எல்லாரும் காண்பர். தனிப்பெயர் எவருக்கும் இல்லை. எதிர்ப்படும் உலகங்களைக் கைப்பற்றி, அங்குள்ள மக்களைப் பிடித்து, அவர்தம் உடம்பிற் கருவிகளைப் பொருத்தித் தங்கள் கூட்டு மனத்தினுள் கரைத்துக்கொள்வதே அவர்களுடைய தொழில். தம்மை எதிர்ப்பது வீண் என்பது, எதிர்ப்படுவோர்க்கெல்லாம் அவர்கள் கூறும் ஒரே செய்தி.

1990 இல் வெளிவந்த கதையில், என்டர்பிறைஸ் கப்பலின் தலைவரான ழான் லூக் பிக்கார்டையே போர்க் இனத்தார் கவர்ந்து சென்றனர். அவருக்கு 'லொக்யூட்டஸ்' என்று பெயரிட்டுத் தம் வாயாக ஆக்கிக்கொண்டனர். அவருடைய அறிவைக் கொண்டே அவருடைய நாட்டாரின் கப்பல்கள் முப்பத்தொன்பதை அழித்தனர். பின்னர் அவர் மீட்கப்பட்டார். ஆயினும் தம்முடைய அறிவே தம்மவரைக் கொல்லும் ஆயுதமானதை அவரால் மறக்க முடியவில்லை. 1992 ஆம் ஆண்டுக் கதையில் எழும் வினாவின் கனத்தை உணர்வதற்கு இந்தப் பழைய காயம் நினைவில் இருத்தல் வேண்டும்.

பனி மூடிய ஒரு சிறு துணைக்கோளில் விழுந்து நொறுங்கிய விண்கலமொன்றை என்டர்பிறைஸ் கப்பலார் காண்கின்றனர். அதிலிருந்த போர்க் இனத்தார் ஐவருள் நால்வர் இறந்துபோயினர். உயிர் ஊசலாடிக் கிடக்கும் ஒருவன் இளம்பருவத்தினன். அவனைக் கொன்றுவிடுவதே தக்கது என்று ஒருவர் கூறுகிறார். அங்கேயே விட்டுச் செல்லலாம் என்பது கப்பல் தலைவரின் முதற் கருத்து. கப்பலின் வைத்தியரான பெவர்லி கிறஷர் அதற்கு இசையவில்லை. காயமுற்றுக் கிடப்பவன் எவனாயினும் அவனுக்கு மருந்திடுவது தம் கடமை என்கிறார். முடிவில் அவனைக் கப்பலுக்குக் கொண்டுவர பிக்கார்ட் உடன்படுகிறார். ஆனால் அவருடைய உள்ளத்தில் உதித்தது இரக்கமன்று, வேறொரு திட்டம்.

அத்திட்டம் இது. போர்க் இனத்தாரின் மனம் ஒன்றாக இருப்பதால், ஒருவனுக்குள் புகுத்தப்படும் நோய் எல்லாருக்கும் பரவும். இயற்கையில் இருக்க முடியாத, முன்னுக்குப் பின் முரணான வடிவமொன்றை ஒரு செய்நிரலாக ஆக்கி அவனுடைய நினைவில் வைத்து அனுப்பிவிட்டால், கூட்டு மனம் அந்த முரணைத் தீர்க்க முயன்று முயன்று, வேறொன்றையும் எண்ணவியலாது செயலிழந்து மடியும். ஒருவனைக் கொண்டு ஓர் இனத்தையே வேரறுக்கலாம். கப்பலின் பொறியியலாளரான ஜோர்டியிடம் இந்த வேலை ஒப்படைக்கப்படுகிறது. செய்நிரலை ஆக்குவதற்குச் சிறைப்பட்டவனின் இயல்பை ஆராயவேண்டும். ஆராய்வதற்கு அவனோடு பேசவேண்டும். அந்தப் பேச்சே திட்டத்துக்கு முதல் இடையூறு ஆகிறது.

பெயர் யாது என்று கேட்டபோது, தான் 'ஐவரில் மூன்றாமவன்' என்று அவன் விடையிறுக்கிறான். அது பெயரன்று, எண். வைத்தியரும் பொறியியலாளரும் தத்தம் பெயரைச் சொல்லி, அவனைச் சுட்டி 'யூ', அதாவது 'நீ', என்று தொடங்குகின்றனர். அச்சொல்லையே அவன் திருப்பிச் சொல்கிறான். அந்த ஒலியைக் கேட்ட ஜோர்டி, அதோடு ஒத்த ஓசையுடைய 'ஹியூ' என்னும் ஆங்கிலப் பெயரை அவனுக்குச் சூட்டுகிறார். அவனும் அதை ஏற்றுக்கொள்கிறான். ஆனால் 'நாங்கள் ஹியூ' என்று பன்மையிலேதான் சொல்லத் தெரிகிறது அவனுக்கு. வேடிக்கை போலத் தோன்றும் இந்த நிகழ்ச்சியில் ஆசிரியரின் நுட்பம் விளங்குகிறது. அவனுக்கு வாய்த்த பெயர் தன்மையிலிருந்து பிறக்கவில்லை, முன்னிலையிலிருந்து பிறந்தது. 'நீ' என்று தன்னை விளிப்பதற்கு ஒருவர் வாய்த்த பின்னரே அவன் 'நான்' என்னும் சொல்லை நோக்கி நடக்கத் தொடங்குகிறான். தாய் தன் குழந்தையைப் பெயர்சொல்லி அழைத்தழைத்தே அதற்குத் தன்னை உணர்த்துவதும் இவ்வாறே அன்றோ?

கதையின் மொழி ஆங்கிலம். அம்மொழியில் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே. தமிழிலோ இரண்டு உண்டு: கேட்போரை விலக்கி நிற்பது 'நாங்கள்', கேட்போரையும் உளப்படுத்தி நிற்பது 'நாம்'. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு இக்கதையைக் காண்போர்க்கு ஒன்று புலனாகும். போர்க் இனத்தார் கூறும் பன்மை எக்காலும் 'நாங்கள்' என்பதே. எதிரே நிற்பவனை அது விலக்கும். அல்லது அவனை விழுங்கும். அவனை அவனாகவே நிற்கவிட்டுத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் 'நாம்' என்பதை அக்கூட்டம் அறியாது. 'நாம்' பிறப்பதற்கு ஒரு 'நானும்' ஒரு 'நீயும்' வேண்டும். கூட்டமாக வாழ்ந்தும், உறவென்று ஒன்றை அவர்கள் காணாதிருந்தமைக்குக் காரணம் இதுவே.

சிறையறையில் ஹியூ முதன்முதலாக உணர்வது தனிமை. எண்ணற்றோரின் குரல்கள் இடையறாது ஒலித்த மனத்தில் இப்போது அமைதி நிலவுகிறது. அவனுக்கு அது அச்சத்தைத் தருகிறது. ஜோர்டி அவனுக்கு நட்பு என்பது யாது என்று விளக்குகிறார். தனிமையில் உடனிருப்பவன், பேசுவதற்கு உரியவன், இருப்பதனாலேயே ஆறுதல் தருபவன் என்று அவர் சொல்லச் சொல்ல, அது ஜோர்டியும் ஹியூவும் போல என்று அவனே முடித்துவிடுகிறான்.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. ஜோர்டி பிறவியிலேயே பார்வையற்றவர். கண்களை மறைத்து நெற்றியோரமாகப் பொருந்தியிருக்கும் கருவியொன்றின் துணைகொண்டே அவர் காண்கிறார். அங்ஙனமாயின் அவரும் ஒருவகையிற் கருவியோடு கலந்த மனிதரே. இருந்தும் அவருடைய மனிதத் தன்மைக்கு ஒரு குறையும் நேரவில்லை. கதைக்கு வெளியிலும் இதுவே உண்மை. 1958 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் நோயாளி ஒருவரின் உடம்பினுள் இதயத் துடிப்பைச் சீராக்கும் சிறு கருவி பொருத்தப்பெற்றது. பிற்காலத்தில் செவிப்புலன் இழந்தோர்க்கு உட்செவிக் கருவிகளும் வாய்த்தன. அவற்றைத் தாங்கியோர் தம் இயல்பை இழந்துவிடவில்லை. இழந்ததைத் திரும்பப் பெற்றனர். எனவே, தீங்கு உலோகத்தில் இல்லை. உடம்பிற் கருவி புகுவதால் மனிதன் கெடுவதில்லை. மறுத்துரைக்கும் உரிமை அவனைவிட்டுப் போகும்போதே கெடுகிறான். இதனை ஜோர்டியையும் ஹியூவையும் எதிரெதிரே அமர்த்திக் காட்டியதே இக்கதையின் சிறப்புகளுள் ஒன்று.

ஆயினும், போர்க் இனத்தாரை வெறுப்போரின் பக்கத்தையும் இக்கதை எளிதாக ஒதுக்கிவிடவில்லை. வெறுப்பதற்கு நியாயமான காரணம் உடையோர் இருவர் கப்பலில் உள்ளனர். ஒருவர் பிக்கார்ட். ஜோர்டியின் மனம் தளர்வதைக் கண்ட அவர், முற்காலத்தில் ஆராய்ச்சிக் கூடத்து விலங்குகளிடம் விஞ்ஞானிகள் பற்றுக்கொண்டுவிட்ட கதையை நினைவூட்டி, பற்றை விடுமாறு எச்சரிக்கிறார். மற்றவர் கைனன் என்னும் பெண்மணி. கப்பலின் இளைப்பாறும் மண்டபத்தில் பானம் வழங்கும் அவர், போர்க் இனத்தாரால் தம் உலகத்தை இழந்தவர். அவருடைய இனத்தார் வீடிழந்து திசைதோறும் சிதறிப்போயினர். வாட்பயிற்சியின்போது அவர் பிக்கார்டுக்கு ஒரு பாடம் கற்பிக்கிறார். அடிபட்டவர் போல் நடிக்கிறார். பிக்கார்ட் இரங்கி அருகில் வந்ததும் வாளால் தொட்டு வென்றுவிடுகிறார். பகைவனுக்கு இரங்கினால் நேர்வது இதுவே என்பது பாடத்தின் பொருள்.

அத்தகைய கைனனே, ஜோர்டியின் வேண்டுகோளுக்கிணங்கிச் சிறையறைக்குச் செல்கிறார். எதிர்ப்பது வீண் என்று ஹியூ பழக்கத்தாற் சொல்ல, தம்மவர் எதிர்த்தனர், தாம் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று அவர் மறுக்கிறார். தம் மக்கள் சிதறிப்போனதைக் கேட்ட ஹியூ, அவர் தனிமையில் வாடுகிறார் என்பதை உணர்ந்து கூறுகிறான். அவனும் அவ்வாறே தனிமையில் இருக்கிறான். இழந்தவருடைய துயரை, இழப்பித்த கூட்டத்தைச் சேர்ந்தவன் ஒருவன் பெயர்சொல்லி அறிந்துகொள்கிறான். கைனன் மன்னிப்பும் வழங்கவில்லை, நடந்ததை மறக்கவுமில்லை. ஆனால் பிக்கார்டிடம் சென்று, அவனை ஒருமுறை நேரிற் பார்த்துப் பேசாமல் ஆயுதமாக்குவது முறையன்று என்று உரைக்கிறார். அதுவரை 'அது' என்று அஃறிணையாகச் சுட்டப்பட்டவனைக் காண, தலைவர் உடன்படுகிறார்.

கதையின் உச்சம் அச்சந்திப்பில் அமைந்துள்ளது. ஹியூ பிக்கார்டைக் கண்டதும் லொக்யூட்டஸ் என்று அழைக்கிறான். பிக்கார்டும் தாம் மிக அஞ்சி வெறுத்த அந்த வேடத்தையே பூண்டு, லொக்யூட்டஸாகவே பேசத் தொடங்குகிறார். இக்கப்பலில் உள்ளோர் அனைவரும் கூட்டத்தினுள் கரைக்கப்படல் வேண்டும். அதற்கு உதவி செய் என்று கட்டளையிடுகிறார். ஜோர்டி அதை விரும்பமாட்டார் என்று ஹியூ தயங்குகிறான். அவர் விருப்பத்துக்கு இடமில்லை என்கிறார் பிக்கார்ட். ஜோர்டி தன் நண்பர் என்கிறான் அவன். கட்டளை மேலும் இறுகுகிறது. அப்போது அவன் வாயிலிருந்து, தான் அதனைச் செய்யமாட்டேன் என்னும் மறுப்பு எழுகிறது. கதை முழுவதும் பன்மையிலே பேசிவந்தவன் 'நான்' என்று சொல்லும் இடம் அதுவே. அதைக் கேட்ட பிக்கார்டின் முகம் மாறுகிறது.

'நான்' என்பதைக் களைதலே ஞானம் என்று கேட்டு வளர்ந்த தமிழ் நேயர்க்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். அகந்தையை நீக்குக என்று சமயங்கள் கூற, இக்கதையோ 'நான்' பிறந்ததை ஒரு வெற்றியாகக் கொண்டாடுவது பொருந்துமா? பொருந்தும் என்றே கூறவேண்டும். அகந்தை என்பது தனக்காக ஒன்றை வேண்டி எழும் 'நான்'. ஹியூவின் 'நான்' தனக்காக எழவில்லை. மற்றொருவருக்கு நேரவிருந்த தீங்கைக் கண்டு, அதற்குக் கருவியாக இருக்க மறுத்து எழுந்தது. மேலும், துறப்பதற்கும் ஒருவன் வேண்டும். தானாகத் தன்னைக் கொடுப்பவன் துறவி. பிடித்துக் கரைக்கப்பட்டவன் கைதி. இவ்விருவரிடத்தும் தன்முனைப்பு இல்லாதிருக்கலாம். அதனால் இருவரும் ஒன்றாகிவிடார்.

பிக்கார்ட் தம் திட்டத்தைக் கைவிடுகிறார். ஓர் ஆளாகிவிட்ட ஒருவனை, அவன் அறியாது, அவனுடைய இனத்தையே கொல்லும் நஞ்சாக அனுப்புவது தம்மை லொக்யூட்டஸ் ஆக்கியோர் செய்த செயலுக்கு ஒப்பாகும் என்பது காண்போர்க்கு விளங்குகிறது. ஹியூவுக்குக் கப்பலிலேயே புகலிடம் அளிக்க முன்வருகின்றனர். ஜோர்டியுடன் இருக்கவே அவன் விரும்புகிறான். ஆனால் தன்னைத் தேடி வரும் கப்பல், தன் நண்பர்களை விடாது என்பதையும் அவன் அறிவான். ஆகவே மீண்டும் கூட்டத்திடமே செல்லத் தீர்மானிக்கிறான். தான் ஹியூ என்பதை மறந்துவிடக் கூடாதென்பது மாத்திரமே அவன் கவலை. அவனுடைய நினைவை அழிக்காமலே அனுப்புகின்றனர். அழிவுச் செய்நிரலுக்குப் பதிலாக, தனித்துவம் என்னும் உணர்வே கூட்டு மனத்திற் பரவக்கூடும் என்பது பிக்கார்டின் நம்பிக்கை. பனிக்கோளில் அவனை அழைத்துச் செல்ல வந்தோர் நடுவே நிற்கும் ஹியூ, மறையுமுன் ஒரு கணம் தலைதிருப்பி ஜோர்டியை நோக்குகிறான். அவன் மறக்கவில்லை என்பதற்கு அந்த ஒரு நோக்கே சான்று.

கதை இத்துடன் நின்றிருந்தால் இனியதொரு நீதிக்கதையாக மாத்திரம் எஞ்சியிருக்கும். 1993 ஆம் ஆண்டில் ஜூன், செப்டெம்பர் மாதங்களில் இரு பகுதிகளாக வெளிவந்த 'டிசென்ட்' என்னும் கதை, இந்நற்செயலின் விளைவைக் கசப்போடு காட்டியது. ஹியூ கொண்டுசென்ற உணர்வு அவன் சேர்ந்த கப்பலிற் பரவியது உண்மை. ஆனால் தாமாக எண்ணிப் பழகாதோர் திடீரெனத் தனித்தனி ஆகிவிட்டபோது, எதைச் செய்வதென்று அறியாது தடுமாறினர். அந்தத் தடுமாற்றத்தில் லோர் என்னும் கொடிய பொறிமனிதன் ஒருவன் அவர்களுக்குத் தலைவனாகி, அவர்களைத் தன் ஆராய்ச்சிக்கும் வெறிக்கும் இரையாக்கினான். பகையினத்தை ஒழிக்கக் கிடைத்த வாய்ப்பை நழுவவிட்டதற்காக மேலதிகாரி ஒருவர் பிக்கார்டைக் கடிந்துகொண்டார். ஹியூவும் பிக்கார்டைச் சந்தித்தபோது நன்றி கூறவில்லை. தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லிச் சினந்தான்.

அவ்வாறாயின் பிக்கார்ட் செய்தது பிழையா? அன்று அழித்திருந்தால் பின்னர் மாண்டோர் பலர் பிழைத்திருக்கலாம் என்னும் வாதத்தைத் தள்ளிவிடுதல் எளிதன்று. எனினும், அழித்தல் ஒன்றும் தனியே விடுதல் ஒன்றுமாக இரு வழிகளே இருந்தன என்று கொள்வதிலே தவறு உண்டு. ஹியூ 'நான்' என்று சொல்லக் கற்றது ஒரு சிறையறையில், ஒரு நண்பர் அருகிருந்ததனால். அவனுடைய தோழர்க்கோ அந்த உணர்வு வந்து சேர்ந்தது. அதனோடு 'நீ' என்று அழைப்பதற்கு ஒரு ஜோர்டி வந்து சேரவில்லை. விடுதலையைக் கொடுத்தவர் அதனைத் தாங்கும் துணையைக் கொடுக்க மறந்தார். இரக்கம் தவறன்று, இரக்கம் பாதிவழியில் நின்றுவிட்டதே தவறு.

இச்சினத்தினாலும் ஹியூவின் நட்பு அழிந்துபோகவில்லை. அவன் உதவியோடே லோரின் ஆட்சி முடிவுற்றது. 2020 இல் வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்' என்னும் பிற்காலத் தொடரிலும், முதலில் அவனாக நடித்த ஜொனதன் டெல் ஆர்கோவே மீண்டும் தோன்றினார். அங்கே முதிர்ந்த ஹியூ, கூட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டோர்க்குக் கருவிகளை அகற்றி, அவரவர் தன்னியல்பை மீட்டுக்கொள்ளத் துணைநிற்கும் பணியில் ஈடுபட்டிருந்தான். தனக்கு ஒரு காலத்திற் கிடைத்த துணையை, கிடைக்காதோர்க்குத் தான் அளித்தான். இறுதியில் அப்பணியிலேயே உயிர் நீத்தான்.

போர் நிகழுங் காலத்தில் பகைவர் என்னும் சொல் எப்போதும் பன்மையிலேயே வழங்கும். முகமும் பெயரும் இல்லாத பன்மை அது. அப்பன்மையிலிருந்து ஒருவன் பிரிந்து வந்து, பசியையும் தனிமையையும் சொல்லி, ஒரு பெயருக்கு விடையிறுக்கும்போது, அவன் செய்த தீங்கு மறைந்துவிடுவதில்லை. அவனுடைய கூட்டத்தால் வரக்கூடிய ஆபத்தும் நீங்கிவிடுவதில்லை. அவனை ஒரு பொருளாகக் கருதிப் பயன்படுத்திக்கொள்வது மாத்திரம் இயலாததாகிவிடுகிறது. 'ஐ, போர்க்' என்னும் கதையில் தலைவர் கண்டறிந்தது இவ்வளவே. அதைக் கண்டறிய அவருக்குத் தேவைப்பட்டது புதிய ஆயுதமோ நுண்ணிய கணிதமோ அன்று. சிறையறையின் கதவைத் திறந்து உள்ளே சென்று, எதிரே நின்றவன் என்ன சொல்கிறான் என்பதை இறுதிவரை கேட்டதே போதுமாயிற்று.